ஐம்பதைத் தாண்டிய காஜி

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வானகரத்தில் இரண்டு கூட்டங்களைப் பார்க்கலாம். ஒன்று மீன் மார்க்கெட்டுக்கு வருகிற கூட்டம். இன்னொன்று, டூவீலரில் மட்டையைக் குறுக்கே வைத்துக்கொண்டு உள்தெருக்களுக்குள் திரும்புகிற கூட்டம். இவர்களுக்கு வயது நாற்பத்தைந்தில் தொடங்கி அறுபதைத் தாண்டியும் போகும். தலையில் பாதி நரை, முழங்காலில் நீ கேப், பைக்குள் தண்ணீர் பாட்டிலோடு பிபி மாத்திரை. ஆட்டம் முடிந்து வீடு திரும்பும்போது இவர்களில் பலர் முதல் கூட்டத்திலும் சேர்ந்துகொள்வார்கள். சங்கராவும் இறாலும் வாங்கிப் போனால், அடுத்த ஞாயிறு கிளம்புவது சுலபம்.

வானகரம் மட்டுமல்ல. மதுரவாயல், நொளம்பூர், அயனம்பாக்கம், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று சென்னையின் மேற்குப் புறநகர் நெடுக, வார இறுதிகளில் வயதானவர்களின் டென்னிஸ் பந்து கிரிக்கெட் நடக்கிறது. ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் ஒரு டீம், ஒரே பள்ளியில் படித்தவர்கள் ஒரு டீம், அப்பார்ட்மென்ட்காரர்கள் ஒரு டீம், பழைய தெருக்காரர்கள் ஒரு டீம். கோப்பை கிடையாது. தோற்ற டீம் எல்லோருக்கும் இட்லி, பொங்கல் வாங்கித் தரவேண்டும் என்பதுதான் பெரும்பாலும் பந்தயம். நாலு டீம் சேர்ந்தால் எட்டு ஓவர் மேட்ச் இரண்டு மூன்று ஆடிவிடலாம். வெயில் ஏறுவதற்குள் முடிக்கவேண்டும் என்பதால் டாஸ் போடுவதில்கூட நேரத்தை வீணாக்குவதில்லை.

இந்த வயதில் இது சாத்தியமாவதற்கு முதல் காரணம் பந்து. கிரிக்கெட்டின் தோல் பந்து 155.9 கிராமிலிருந்து 163 கிராம் வரை இருக்கவேண்டும் என்பது விதி. டென்னிஸ் பந்தின் எடை 56 கிராமிலிருந்து 59.4 கிராம் வரைதான், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. கிரிக்கெட்டுக்கென்றே கொஞ்சம் கனமாகச் செய்த டென்னிஸ் பந்துகளும் கடையில் கிடைக்கின்றன. அவையும் விரலை உடைக்காது. பேடு வேண்டாம், கிளவுஸ் வேண்டாம், ஹெல்மெட் வேண்டாம். ஸ்லிப்பில் நிற்கிற ஐம்பத்தெட்டு வயதுக்காரர் கேட்சைக் கோட்டைவிட்டு நெஞ்சில் வாங்கினாலும் தடவிக்கொண்டு சிரித்துவிடலாம்.

இரண்டாவது காரணம், இவர்கள் ஆட்ட விதிகளைத் தங்களுக்கு ஏற்ப வளைத்துக்கொண்டது. உண்மையில் இந்த ஆட்டங்களின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

ஆள் ஒற்றைப்படையில் வந்தால் ஒருவர் ஜோக்கர்; இரண்டு பக்கமும் அவருக்குக் காஜி, அதாவது மட்டை பிடிக்கும் முறை, உண்டு. இருபத்தைந்து ரன் அடித்தவர் மட்டையை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு வெளியே வரவேண்டும். கடைசியில் ஆள் தீர்ந்தால் திரும்பவும் இறங்கலாம். ஒருவருக்கு ஓர் ஓவர்தான், ஆனால் எல்லோருக்கும் ஓர் ஓவர் உண்டு. ஓவர் முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால் மூன்றாவது பந்தோடு நிறுத்திக்கொள்ளலாம், அது பேபி ஓவர். முட்டிவலிக்காரருக்கு ரன்னர். தோள்பட்டை இறங்கியவர் கையைச் சுழற்றாமல் அண்டர் ஆர்மில் போடலாம். வேகமாகப் போடுகிற தம்பிகள் யாராவது ஆளுக்குறைவுக்காக வந்து சேர்ந்திருந்தால், அவர்களுக்கு மூன்றடிதான் ரன் அப். இந்த விதிகள் டீமுக்கு டீம் மாறும், சில வாரங்களில் மேட்ச் நடுவிலேயே மாறும். நோக்கம் மட்டும் மாறாது: வந்தவர் ஒருவரும் மட்டை பிடிக்காமல், பந்து போடாமல் வீட்டுக்குத் திரும்பக் கூடாது.

இப்படி ஓர் ஆட்டத்தின் ஒரே ஒரு பந்தை அருகில் நின்று பார்த்தால் போதும். பந்து போடுகிறவர் ஓய்வுபெற்ற மெஷின் ஆபரேட்டர். நாலு எட்டு நடந்து வந்து, பந்தை விரல்நுனியில் உருட்டி விடுகிறார். பந்து காற்றில் தொங்கி இறங்குகிறது. கிரீஸில் நிற்கிறவர் அந்தக் காலத்தில் லெக் சைடில் தூக்கி அடிப்பதற்குப் பேர்போனவர். காலைத் தூக்கி வைக்கிறார், மட்டையைச் சுற்றுகிறார், பந்து அதற்குப் பிறகுதான் வந்து சேர்கிறது. மட்டையின் அடிவிளிம்பில் பட்டு ஷார்ட் ஃபைன் லெக் பக்கம் உருள்கிறது. “ஓடு மச்சான், ஓடு!” “ஒண்ணு போதும், ரெண்டு வேணாம்!” “அண்ணே, ஓடாதீங்க, நடந்தே வாங்க, அவரு பந்த எடுக்கவே நேரமாவும்!” பந்தை எடுக்கக் குனிந்தவர் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து, குறிபார்த்து எறிகிறார். எறிந்தது கீப்பருக்கு வரவில்லை, ஓவர் த்ரோ. இரண்டாவது ரன். இரண்டு டீமும் சேர்ந்து கைதட்டுகிறது.

அடுத்த பந்தை அவர் அடிக்காமல் தடுத்து, டொக்கு வைக்கிறார். அதற்கும் கைதட்டல்.

விளையாட்டை வயதுக்கேற்ப வளைப்பதை ஓர் ஏற்பாடாகவே வளர்த்தெடுத்தவர்கள் அமெரிக்கர்கள். அங்கே இதன் பெயர் சீனியர் சாஃப்ட்பால். சாஃப்ட்பால் பிறந்தது 1887 நவம்பரில், சிகாகோவின் ஃபாரகட் படகுக் கழகத்தில். ஜார்ஜ் ஹான்காக் என்பவர் குத்துச்சண்டைக் கையுறை ஒன்றைக் கயிற்றால் சுற்றிக் கட்டிப் பந்தாக்க, துடைப்பக் கட்டையை மட்டையாக வைத்துக்கொண்டு அறைக்குள்ளேயே பேஸ்பால் ஆடிப் பார்த்தார்கள். பெயர் அப்படி இருந்தாலும் இன்றைய சாஃப்ட்பால் பந்து அவ்வளவு மென்மையானதல்ல. பெரிய பந்து 178 கிராமுக்கு மேல், நம் தோல் பந்தைவிடக் கனம். இந்தியாவிலும் இந்த ஆட்டத்துக்குச் சங்கம் உண்டு, 1961-ல் ஜோத்பூரில் தொடங்கியது. இங்கே அது பெரும்பாலும் பள்ளி, கல்லூரிப் போட்டிகளில்தான் ஆடப்படுகிறது. அமெரிக்காவிலோ ஐம்பது வயதுக்கு மேல் ஐந்து ஐந்து வயதாகப் பிரித்து எண்பதைத் தாண்டியவர்களுக்கும் தனிப் பிரிவு வைத்து ஆடுகிறார்கள்.

அவர்களின் விதிகளைப் பார்த்தால் வானகரத்துக்காரர்களுக்கு வியப்பு இருக்காது. பந்தை வில்போல் வளைத்து மெதுவாகத்தான் வீசவேண்டும். ஓட முடியாதவருக்கு மாற்று ஓட்டக்காரர் உண்டு. ஓடிவருகிறவரும் பந்தைப் பிடிக்கிறவரும் மோதிக்கொள்ளக் கூடாது என்பதற்காகக் கடைசிக் கட்டத்தில் இருவருக்கும் தனித்தனிப் பலகை. ஃபுளோரிடாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்ற ஊரில் ‘கிட்ஸ் அண்ட் கப்ஸ்’ என்று ஒரு கழகம் 1930-லிருந்து நடக்கிறது. அதில் சேர முக்கால் நூற்றாண்டு வாழ்ந்திருக்க வேண்டும் என்று நிறுவனர்கள் வைத்த விதியே அதன் புகழுக்குக் காரணம். எழுபத்தைந்து வயதில் ஒருவர் புதுமுகமாகச் சேர்கிற விளையாட்டுக் கழகம் உலகில் வேறெங்கே இருக்கும்?

சென்னையின் மேற்குப் புறநகரில் இவ்வளவு பேர் இந்த வயதில் ஆடுவதற்கு ஊரின் வரலாறும் ஒரு காரணம். அம்பத்தூரில் 1949-ல் டிஐ சைக்கிள்ஸ் தொழிற்சாலை, 1959-ல் டன்லப் தொழிற்சாலை, 1964-ல் தொழிற்பேட்டை. ஆவடியில் 1961 முதல் கனரக வாகனத் தொழிற்சாலையும் படை உடைத் தொழிற்சாலையும். ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இந்தப் பக்கம் வேலைக்கு வந்தார்கள், குடியேறினார்கள். பெரிய தொழிற்சாலைகளுக்குச் சொந்த மைதானம் இருந்தது, டீம் இருந்தது, கம்பெனிகளுக்கிடையே போட்டி இருந்தது. சிறிய பட்டறைகளில் வேலை செய்தவர்களுக்கு அதெல்லாம் இல்லை. அவர்களுக்கு ஷிப்ட் முடிந்ததும் காலி மனையும் ரப்பர் பந்தும். அந்தத் தலைமுறையின் பிள்ளைகள்தான் இன்று ஐம்பதைத் தொட்டிருக்கிறார்கள். அப்பா ஆடியதைப் பார்த்து வளர்ந்தவர்கள், கல்யாணம், வீட்டுக்கடன், பிள்ளைகளின் படிப்பு என்று இருபது வருஷம் மட்டையைத் தொடாமல் இருந்துவிட்டு, கடமைகள் கொஞ்சம் இறங்கியதும் திரும்பி வந்திருக்கிறார்கள்.

அவர்கள் திரும்பி வந்தபோது மைதானம் அங்கே இல்லை. ஒரு காலத்தில் கோடையில் நீர் வற்றிய ஏரிப் படுகைகளே இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கிரவுண்டு. வெடித்த களிமண்ணில் பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிறகு காலி மனைகள் வீடுகளாயின, தாம்பரம் – புழல் பைபாஸ் வந்தது, பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இருபுறமும் கல்யாண மண்டபங்களும் மருத்துவமனையும் கிடங்குகளும் எழுந்தன. பக்கத்து மதுரவாயல் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. வானகரம் அப்போது சேரவில்லை. ஊராட்சியாகவே இருந்தபடி மாநகரத்தின் நெரிசலை மட்டும் சுமந்தது.

மிச்சமிருக்கும் காலி இடங்களில் இப்போது பசும்புல் போலத் தெரிவது பெரும்பாலும் பிளாஸ்டிக். நாலு பக்கமும் மேலேயும் வலை கட்டி, செயற்கைப் புல் விரித்து, இரவுக்கு விளக்குப் போட்டு, மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற ‘டர்ஃப்’கள். பத்துப் பன்னிரண்டு பேர் பணம் பிரித்துப் போட்டால் ஒரு மணி நேரம் கிடைக்கும். பெரியவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கத்தான் செய்கிறது: வலைக்குள் பந்தைத் தேடி ஓடவேண்டாம், தரை சமமாக இருப்பதால் குழியில் கால் பிசகாது. ஆனால் பணம் கொடுத்த நேரம் முடிந்ததும் வெளியே வந்துவிட வேண்டும். அடுத்த பேட்ச் கேட்டில் காத்திருக்கும். ஆட்டம் முடிந்தபின் மரத்தடியில் உட்கார்ந்து, போன ஓவரில் அது அவுட்டா இல்லையா என்று அரை மணி நேரம் சண்டைபோட இடம் கிடையாது. வயதானவர்கள் கிரவுண்டுக்கு வருவதே பாதி அதற்காகத்தான். மாலை நேரங்களும் வார இறுதி இரவுகளும் இளைஞர்களுக்குப் போய்விடுவதால், இவர்களுக்கு மிஞ்சுவது அதிகாலை. அதுவும் நல்லதாகவே போயிற்று. ஏப்ரல், மே மாதங்களில் எட்டரை மணிக்கு மேல் சென்னையில் யாரும் வெட்டவெளியில் ஓடக் கூடாது.

டென்னிஸ் பந்து கிரிக்கெட்டை இளக்காரமாகப் பார்த்த காலமும் போய்விட்டது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜன் இருபது வயது வரை டென்னிஸ் பந்தில் ஆடி, அங்கே பழகிய யார்க்கரோடு 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடினார். கட்டடக்கலை படித்த வருண் சக்கரவர்த்தி தன் சுழற்பந்து வித்தைகளில் பலவற்றை டென்னிஸ் பந்தில்தான் பழகினார். ஒருநாள் போட்டியில் இந்தியாவுக்காக முதல்முறை களம் இறங்கியபோது அவருக்கு வயது முப்பத்து மூன்று. 2024 மார்ச்சில் டென்னிஸ் பந்துக்கென்றே தேசிய அளவில் ஐஎஸ்பிஎல் என்ற போட்டித்தொடர் தொடங்கியது. அதில் நடிகர் சூர்யாவின் ‘சென்னை சிங்கம்ஸ்’ உண்டு.

வயதான ஆட்டக்காரரையும் தமிழ் சினிமா கண்டுகொண்டது. 2007-ல் ‘சென்னை 600028’ எடுத்த வெங்கட் பிரபு, ஒன்பது வருஷம் கழித்து அதே நண்பர்களைக் குடும்பஸ்தர்களாக்கித் திரும்பவும் கிரவுண்டில் இறக்கினார். 2024 செப்டம்பரில் வந்த ‘லப்பர் பந்து’ அதைவிட ஆழமாகப் போயிற்று. கல்யாண வயதில் மகளை வைத்துக்கொண்டு, மனைவிக்குப் பிடிக்காதபோதும் மட்டையைக் கீழே வைக்க மனமில்லாத ஒரு மனிதரை அதில் தினேஷ் வாழ்ந்து காட்டினார். ஞாயிறு காலை டீம்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அந்தப் படத்தின் ஸ்டிக்கர்கள் சுற்றிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

கடல் தாண்டியும் இதே காட்சிதான். இலங்கைத் தமிழர்கள் இதை மென்பந்து துடுப்பாட்டம் என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் மத்திய கல்லூரிக்கும் 1904 முதல் நடக்கும் கடினப்பந்துப் போட்டி ‘வடக்கின் பெரும் போர்’ என்று பேர் பெற்றது. பள்ளிக்கூட நாட்களில் அந்தப் போட்டிக்குக் கொடி பிடித்தவர்கள் வயதானபின் கையிலெடுப்பது மென்பந்து. பழைய மாணவர் சங்கங்கள் கொழும்பிலும் லண்டனிலும் டொரன்டோவிலும் வகுப்புவாரியாகப் பிரிந்து ஆறு பேர், எட்டுப் பேர் கொண்ட அணிகளாக ஆடுகின்றன. ஊரைவிட்டுச் சிதறியவர்களுக்கு அந்த ஒரு நாள் பழைய வகுப்பறை திரும்பக் கிடைக்கிறது.

தோல் பந்திலேயே ஆடவேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கும் இன்று உலகப் போட்டிகள் உண்டு. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களின் முதல் உலகக் கோப்பை 2018-ல் சிட்னியில் நடந்தது. 2020-ல் கேப் டவுனில் நடந்தது கொரோனாவால் பாதியில் நின்று, 2023-ல் அதே ஊரில் மறுபடி நடந்தது. அறுபதைத் தாண்டியவர்களின் உலகக் கோப்பை 2024 தொடக்கத்தில் நம் சென்னைக்கே வந்தது. ஜமைக்காவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய செசில் ரைட் என்ற வேகப்பந்து வீச்சாளர் கிளப் கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு பெறுவதாக 2019-ல் அறிவித்தபோது அவருக்கு வயது எண்பத்தைந்து. ஸ்காட்லாந்தில் அலெக்ஸ் ஸ்டீல் என்பவர் 2023-ல், எண்பத்து மூன்று வயதில், முதுகில் ஆக்சிஜன் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு விக்கெட் கீப்பராக நின்றார்.

அவ்வளவு தூரம் போக எல்லோருக்கும் உடம்பு ஒத்துழைக்காது. டாக்டர்கள் இந்த வயதுக்காரர்களுக்குச் சொல்வதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது. கிரிக்கெட்டில் ஆபத்து, நின்ற இடத்திலிருந்து திடீரென்று பாய்வதில் இருக்கிறது. பத்து நிமிஷம் சும்மா நின்றுவிட்டு ஒரு ரன்னுக்காகக் குதிரைபோல் ஓடினால் தொடையின் பின்தசையோ குதிகால் தசைநாணோ பிடித்துக்கொள்ளும். அதனால் ஆட்டத்துக்கு முன் கால் மணி நேரம் நடந்து, மெல்ல ஓடி, கைகால்களை நீட்டி மடக்கி உடம்பைச் சூடாக்கிக்கொள்வது கட்டாயம். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஆட வரக் கூடாது. நெஞ்சில் இறுக்கம், இடது கையில் இழுப்பு, காரணமில்லாத வியர்வை வந்தால் அது வாயுவாகத்தான் இருக்கும் என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். நாற்பதைத் தாண்டியபின் திரும்ப ஆட வருகிறவர்கள் முதலில் ஒரு இசிஜி, ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துவிட்டு வருவது எல்லா விதத்திலும் நல்லது.

இந்த எச்சரிக்கைகளுக்கு அஞ்சி வீட்டிலேயே உட்கார்ந்திருப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையம் முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர் ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் என்று அது கணக்கிட்டது. பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிஷத்திலிருந்து 300 நிமிஷம் வரை மிதமான உடலுழைப்பு செய்யவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை. அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்கும் பயிற்சி செய்யவேண்டும் என்று அது தனியாகச் சொல்கிறது, தடுக்கி விழாமல் இருப்பதற்காக. குனிவது, திரும்புவது, எறிவது, பக்கவாட்டில் நகர்வது என்று சமநிலைக்கு வேண்டியவை எல்லாம் ஒரு ஃபீல்டரின் வேலையில் இருக்கின்றன. ஞாயிறு ஆட்டம் ஒன்றே இதற்குப் போதாது. ஆனால் ஞாயிறு ரன் எடுக்கவேண்டும் என்பதற்காகத் திங்கள் முதல் சனி வரை நடக்கப் போகிறவர்கள் ஒவ்வொரு டீமிலும் உண்டு. டாக்டர் சொல்லி நடக்காதவர்கள், கேப்டன் சொன்னால் நடக்கிறார்கள்.

நகர நிர்வாகம் முதியவர்களுக்கு என்று யோசிக்கும்போது பூங்காவில் எட்டு வடிவ நடைபாதையும் நாலு சிமென்ட் பெஞ்சும் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறது. நடைபாதை வேண்டும்தான். அதோடு, உள்ளாட்சியின் விளையாட்டுத் திடல்களில் வாரத்தில் ஒரு காலை, இரண்டு மணி நேரம், ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு என்று ஒதுக்கினால் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. ஒரு கழிப்பறை, ஒரு குடிநீர்க் குழாய், முதலுதவிப் பெட்டி, நிழலுக்கு இரண்டு வேப்ப மரம். வாடகை கட்ட முடியாமல் ஆட்டத்தை விட்டவர்கள் பலர் அன்றே திரும்பி வருவார்கள்.

இந்தக் கிரவுண்டுகளில் கண்ணுக்குத் தெரிகிற பெரிய குறை, பெண்கள் இல்லாதது. ஐம்பது வயதுப் பெண்களுக்கு விளையாட ஆசை இல்லை என்று யாராவது சொன்னால் அவர்கள் நொளம்பூர், மதுரவாயல் பக்கத்து அப்பார்ட்மென்ட் வளாகங்களை மாலையில் பார்த்ததில்லை. அங்கே வலை கட்டி எறிபந்து ஆடுகிறார்கள். எறிபந்தும் சென்னைக்குப் பழக்கமான ஆட்டம்தான். இங்கே 1940-களிலேயே பெண்களிடம் பரவியது. அதை வளர்த்ததில் ஹாரி குரோ பக் 1920-ல் தொடங்கிய ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரிக்குப் பங்குண்டு. பள்ளியில் எறிபந்து டீமில் இருந்தவர்கள் சுடிதாரும் ஷூவுமாக ஏழு பேர் இந்தப் பக்கம், ஏழு பேர் அந்தப் பக்கம் நிற்கிறார்கள். பந்தைப் பிடித்த மூன்று விநாடிக்குள் திருப்பி எறியவேண்டும் என்ற விதியை மட்டும் ஐந்து விநாடியாக்கிக்கொள்கிறார்கள்.